மூன்றாவது ஆள்



வயதானவர் ஒருவர் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால் நாம் என்ன கேட்கிறோம்? சர்க்கரை இறங்கிவிட்டதா, பிரஷர் கூடிவிட்டதா, தலை சுற்றியதா, மாத்திரை போட்டாரா இல்லையா. எல்லாமே அவர் உடம்பைப் பற்றிய கேள்விகள். அந்தக் குளியலறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தரை வழுக்கியதா? பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்ததா? விளக்கு எரிந்ததா? மருத்துவமனையில் இடுப்பெலும்புக்கு அறுவைச் சிகிச்சை செய்து, இருந்த சேமிப்பையெல்லாம் செலவழித்து, அவரை வீட்டுக்கு அழைத்து வந்து அதே குளியலறைக்குள்தான் திரும்ப அனுப்புகிறோம். தரையும் அதே தரை. கதவும் அதே கதவு.

இன்று நான் பேச வந்தது அந்தக் குளியலறையைப் பற்றி. வாசற்படி, மாடிப்படி, குழாய், சுவிட்சு பற்றி. இவற்றைச் சரிசெய்து கொடுப்பதை மருத்துவத்தோடு சேர்ந்த ஒரு பொதுச் சேவையாகவே சில நாடுகள் நடத்துகின்றன. அங்கே எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று முதலில் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அந்தச் சேவைக்கு வேண்டிய ஆட்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்பதையும், இன்னும் ஒருவர் மட்டும் வரவில்லை என்பதையும் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பால்டிமோர் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே பழைய வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். வாசலில் சில படிகள். உள்ளே குறுகலான, செங்குத்தான மாடிப்படி. படுக்கையறையும் குளியலறையும் பெரும்பாலும் மேலே. ஆலைகள் மூடிய பிறகு வசதியுள்ளவர்கள் புறநகருக்குப் போய்விட்டார்கள். ஏழை முதியவர்கள், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டார்கள்.

சாரா சாண்டன் என்ற செவிலியர் அந்த வீடுகளுக்கு நேரில் போய் நோயாளிகளைப் பார்த்துவந்தார். வெளியே வர முடியாத நோயாளிகள். மாடியிலிருந்து இறங்க முடியாதவர்கள் ஜன்னல் வழியாகச் சாவியைத் தெருவில் போடுவார்கள். இவர் எடுத்துத் திறந்துகொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு பெண்மணியின் சக்கர நாற்காலி வீட்டுக்குள் இருந்த கதவில் நுழையவில்லை. அவர் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து வந்து கதவைத் திறந்தார். சாண்டனிடம் இருந்தவை இரத்த அழுத்தக் கருவியும் மருந்துச் சீட்டும். அவற்றை வைத்துக்கொண்டு கதவை அகலப்படுத்த முடியுமா?

பின்னர் அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் செவிலியர் கல்லூரியில் ஆய்வாளரானார். 2021 முதல் அந்தக் கல்லூரிக்கே தலைவர். அங்கே அவர் உருவாக்கிய திட்டத்தின் பெயர் 'கேப்பபிள்'. அதன்படி ஒரு முதியவரின் வீட்டுக்கு மூன்று பேர் வருகிறார்கள். ஒருவர் செவிலியர். இன்னொருவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். உடுத்துவது, குளிப்பது, சமைப்பது போன்ற அன்றாடக் காரியங்களைத் தானே செய்ய வழிகாட்டும் சிகிச்சையாளர். மூன்றாவது ஆள், தச்சு, குழாய், மின்சாரம் என்று எல்லாச் சில்லறை வேலையும் தெரிந்த ஒரு கைத்தொழிலாளி. நாலைந்து மாதங்களுக்குள் சிகிச்சையாளர் ஆறு முறை வருவார், செவிலியர் நான்கு முறை வருவார். கைத்தொழிலாளி ஏறக்குறைய 1,300 டாலருக்குள் முடிகிற வேலைகளைச் செய்து தருவார். எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஆகிற செலவு சுமார் 3,000 டாலர். அந்த நாட்டில் முதியோர் இல்லத்தில் ஒருவரைச் சில வாரங்கள் வைத்துப் பார்க்கவே இந்தப் பணம் காணாது.

இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இதன் முதல் கேள்வி. "உங்களுக்கு என்ன நோய்?" என்று அவர்கள் ஆரம்பிப்பதில்லை. "நீங்கள் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள், எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். ஒருவர் தானே குளிக்க வேண்டும் என்பார். ஒருவர் படியிறங்கித் தேவாலயத்துக்குப் போக வேண்டும் என்பார். இன்னொருவர் அடுப்படியில் நின்று தனக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும் என்பார். அந்த ஆசையிலிருந்துதான் வேலைப்பட்டியல் உருவாகிறது. தேவாலயத்துக்குப் போக விரும்புகிறவருக்கு மாடிப்படியின் இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். செவிலியர் அவர் மூட்டுவலியைக் கவனிப்பார், தலைசுற்றலை உண்டாக்கும் மாத்திரை எது என்று பார்ப்பார். சிகிச்சையாளர் எந்தக் காலை முதலில் வைத்து ஏறுவது, எந்தக் காலை முதலில் வைத்து இறங்குவது என்று பழக்குவார். கைத்தொழிலாளி கைப்பிடியை மாட்டி, ஆடுகிற படியை இறுக்கி, விளக்கைப் போட்டுத் தருவார். மூன்றும் சேர்ந்தால்தான் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமை வெளியே வருவார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் முழுப் பலன் தராது என்பது என் கருத்து.

இது நல்லெண்ணத்தோடு நின்றுவிட்ட காரியம் இல்லை. அளந்து பார்த்திருக்கிறார்கள். முதல் கட்டச் சோதனையில் சேர்ந்தவர்களுக்கு, உடுத்தல், குளித்தல், கழிப்பறை போதல் போன்ற எட்டு அன்றாடக் காரியங்களில் சராசரியாக 3.9 காரியங்கள் சிரமமாக இருந்தன. ஐந்து மாதம் கழித்து அது 2.0 ஆனது. அடுத்து 300 பேரை வைத்து முறையான ஒப்பீட்டு ஆய்வு நடந்து, 2019இல் வெளியானது. அதில் மற்றொரு பிரிவினர் வீட்டுக்கும் ஆட்கள் அதே பத்து முறை போனார்கள். ஆனால் பேசிக்கொண்டிருந்து, அவர்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கில் உடனிருந்து வந்தார்கள். யாராவது வந்து பேசினாலே முதியவர்களுக்குத் தெம்பு வந்துவிடும் அல்லவா, அந்தப் பலனைத் தனியாகப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படிப் பிரித்த பிறகும், மூவர் போன வீடுகளில் அன்றாடச் சிரமம் 30 சதவீதம் குறைந்திருந்தது. இந்த வயதில் இயலாமை கூடுமே தவிரக் குறையாது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். குறைந்திருக்கிறது.

நியூசிலாந்தில் தரநாக்கி என்ற வட்டாரத்தில் இன்னும் எளிமையாக ஒரு சோதனை செய்தார்கள். செவிலியர் இல்லை, சிகிச்சையாளர் இல்லை. வீட்டைச் சரிசெய்தார்கள், அவ்வளவுதான். மைக்கேல் கீல் என்பவர் தலைமையில் 842 வீடுகளை எடுத்துக்கொண்டு, பாதி வீடுகளில் மட்டும் முதலில் வேலை செய்தார்கள். படிகளுக்குக் கைப்பிடி, குளியலறையில் பிடிகம்பி, வெளிவிளக்கு, படியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி பட்டை, வழுக்காத விரிப்பு. இதற்கு மேல் ஒன்றுமில்லை. 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. வேலை நடந்த வீடுகளில் விழுந்து அடிபடுவது 26 சதவீதம் குறைந்துவிட்டது. ஒரு மாத்திரை விழுந்து அடிபடுவதைக் கால்வாசி குறைக்கும் என்றால் எல்லா மருந்துக் கடையிலும் அது கிடைத்திருக்கும். கம்பிக்கு விளம்பரம் செய்ய யாருமில்லை.

இனி பிரிட்டன். இதைச் சட்டமாகவே ஆக்கிய நாடு என்பதால் அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

மான்செஸ்டர் பகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர் ஆல்ஃப் மாரிஸ். முதல் உலகப் போரில் ஒரு கண்ணையும் ஒரு காலையும் இழந்து, விஷவாயுவால் நுரையீரலும் கெட்டுத் திரும்பிய தந்தையைப் பார்த்து வளர்ந்தவர். 1970இல் அவர் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றிய சட்டம், மாற்றுத்திறனாளிகள் தம் வீட்டில் வாழ்வதற்கு வேண்டிய மாற்றங்களைச் செய்ய உதவுவதை உள்ளாட்சியின் கடமையாக்கியது. பிறகு 1989ஆம் ஆண்டுச் சட்டத்தால் இதற்கென்று தனி மானியம் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். தகுதி இருந்தால் உள்ளாட்சி கட்டாயம் கொடுத்தாக வேண்டிய மானியம் அது. இங்கிலாந்தில் அதன் உச்சவரம்பு 30,000 பவுண்டு, வேல்ஸில் 36,000. குழந்தைகளுக்காகக் கேட்டால் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம்.

எதற்கெல்லாம் மானியம் என்று அந்தச் சட்டம் வரிசைப்படுத்துகிற விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டுக்குள் நுழைய, கூடத்துக்குப் போக, படுக்கையறைக்குப் போக, கழிப்பறைக்கும் குளியலறைக்கும் போக, சமைக்க, விளக்கையும் வெப்பத்தையும் தானே இயக்க. அதோடு, அந்த மாற்றுத்திறனாளி வீட்டில் வேறு ஒருவரைக் கவனித்துக்கொள்பவராக இருந்தால் அதற்கு ஏற்ற வசதி செய்யவும் மானியம் உண்டு. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு தாய் தன் குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்பதைச் சட்டம் எண்ணிப் பார்த்திருக்கிறது. அவரைப் பிறர் பார்த்துக்கொள்ள வேண்டியவர் என்று மட்டும் கருதாமல், பிறரைப் பார்த்துக்கொள்கிறவராகவும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2008இல் தோட்டத்துக்குப் போகிற வழியையும் இந்த வரிசையில் சேர்த்தார்கள்.

சட்டம் இருந்தால் போதுமா? எண்பது வயது மூதாட்டிக்கு விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாது. எந்த ஒப்பந்தக்காரரை நம்புவது என்று தெரியாது. அவர் போடும் மதிப்பீடு நியாயமா என்று சொல்ல ஆளில்லை. இந்த இடத்தை நிரப்பத்தான் 'கேர் அண்ட் ரிப்பேர்' முதலான வீட்டுச் சீரமைப்பு அமைப்புகள் அங்கே வளர்ந்தன. இலாப நோக்கில்லாதவை. அவற்றின் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, வேண்டியதைக் குறித்துக்கொண்டு, மானியத்துக்கு விண்ணப்பித்து, நம்பகமான ஆளை அமர்த்தி, வேலை முடிந்ததும் சரியாக நடந்திருக்கிறதா என்று சோதித்து, அதன் பிறகுதான் பணம் கொடுக்கச் சொல்வார். ஒழுகும் குழாய், ஆடும் படி, கழன்ற தரைவிரிப்பு, எரியாத பல்பு போன்ற சின்ன வேலைகளுக்குத் தனியாக ஆள் வைத்திருக்கிறார்கள். அவருக்கு அடையாள அட்டை உண்டு, பின்னணி விசாரித்துத்தான் வேலைக்கு எடுப்பார்கள். தனியாக இருக்கும் முதியவர் யாருக்குக் கதவைத் திறப்பது என்பது சாதாரண விஷயமா? வேல்ஸில் இவர்களுடைய பணியாளர்கள் மருத்துவமனை வார்டுக்கே போகிறார்கள். நோயாளி படுக்கையில் இருக்கும்போதே அவர் வீட்டில் கைப்பிடி மாட்டப்படுகிறது.

பலிக்காதவற்றையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் போட்டால் ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆனால் விண்ணப்பம் என்கிற நிலைக்கு வருவதற்கு முன்பே, வீட்டை மதிப்பிடச் சிகிச்சையாளர் வருவதற்காகப் பலர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும்போதே விழுகிறவர்கள் உண்டு. இங்கிலாந்தின் 30,000 பவுண்டு உச்சவரம்பு 2008இல் வைத்தது. கட்டுமானச் செலவு எவ்வளவோ ஏறியும் அந்தத் தொகை ஏறவில்லை. நாட்டின் வீடுகளோ மிகப் பழையவை. ஐந்தில் ஒன்று 1919க்கு முன் கட்டியது. 2018 கணக்கெடுப்பில், சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் விருந்தாளியாகவாவது வந்துபோகும்படி நான்கு அடிப்படை வசதிகளும் அமைந்திருந்த வீடுகள் நூற்றுக்கு 9 மட்டுமே. ஐம்பது ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அவர்கள் பாதி வழியில்தான் நிற்கிறார்கள். ஆனால் அந்த ஊரில் ஒரு மூதாட்டி "எனக்குக் கைப்பிடி வேண்டும்" என்று சொன்னால், அதைக் கேட்க வேண்டியவர் யார் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நம் ஊரில் அது எழுதப்படவில்லை.

ஆசியாவிலும் இது நடக்கிறது. ஜப்பானில் 2000 ஏப்ரலில் தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீட்டில், வீட்டை மாற்றியமைக்க 2 லட்சம் யென் வரை உண்டு. பெரும்பாலோர் அதில் பத்தில் ஒரு பங்கைக் கையிலிருந்து போட்டால் போதும். கைப்பிடி, தரைமட்டத்தைச் சமமாக்குதல், தள்ளிச் சாத்தும் கதவை இழுப்புக் கதவாக்குதல், குத்தவைத்து உட்காரும் கழிப்பறையை மேற்கத்திய முறைக்கு மாற்றுதல் எல்லாம் அதில் அடக்கம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2012 முதல் மூத்தோர் வீடுகளில் பிடிகம்பியும், குளியலறைத் தரைக்கு வழுக்காத பூச்சும், சாய்தளமும் செய்து தருகிறது. குடிமக்களுக்குச் செலவில் 95 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. அங்கே அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நம் தமிழ்ப் பாட்டிகளும் இதனால் பயன்பெறுகிறார்கள்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம்.

நம் குளியலறைக் கதவுகள் பெரும்பாலும் இரண்டரை அடி. நிலையின் இரண்டு பக்கச் சட்டத்தையும், திறந்து நிற்கும் கதவின் கனத்தையும் கழித்தால் உள்வாங்கும் அகலம் இரண்டடியும் சில அங்குலமும். சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலமே 25 அங்குலம். தள்ளுகிறவர் முட்டி மோதி உள்ளே நுழைத்தாலும், உட்கார்ந்திருப்பவர் சக்கரத்தைத் தானே உருட்டினால் விரல் முட்டிகள் நிலையில் உரசிக் கிழியும். கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்கிறது. காப்பாற்ற வந்தவர்கள் கதவை உடைத்தால் அது அவர்மேலேயே விழும். கதவின் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி செய்ய ஒரு தச்சருக்கு அரை நாள் வேலை. குளியலறைத் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு தடுப்பு. நான்கு அங்குல உயரம்தான். காலைத் தூக்க முடியாதவருக்கு அது மலை. வீட்டு வாசலில் அரையடிப் படி ஒன்று இருந்தால் சக்கர நாற்காலிக்கு ஆறடி நீளச் சாய்தளம் வேண்டும், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது கணக்கு. இரண்டடி நீளத்தில் செங்குத்தாக ஒரு சரிவைப் பூசிவிட்டு 'ராம்ப்' வைத்தாயிற்று என்று கணக்குக் காட்டுகிற அலுவலகங்கள் எத்தனை! அதில் ஏறப்போனால் நாற்காலியோடு பின்பக்கமாகச் சாய வேண்டியதுதான்.

பிடிகம்பிக்கு வருகிறேன். கும்பகோணத்தில் நான் பார்த்த ஒரு வீடு. ஓய்வு பெற்ற ஆசிரியை, பக்கவாதத்தில் வலது கை தளர்ந்தவர். கழிப்பறையில் எழுந்திருக்க டவல் ராடைப் பிடித்துப் பழகியிருந்தார். பிள்ளைகள் வெளியூரிலிருந்து பணம் அனுப்பி ஒரு பிடிகம்பி மாட்டச் சொல்லியிருந்தார்கள். முதலில் வந்தவர் துளைபோட வசதியாக இருந்த சுவரில் மாட்டிவிட்டுப் போனார். அது வலப்பக்கச் சுவர். தளர்ந்த கையால் எதைப் பிடிப்பது? பளபளவென்று கம்பி அங்கேயே இருந்தது, அவர் பழையபடி டவல் ராடைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த பிளம்பர் வயதில் சின்னவர். கருவிப் பையைத் திறக்கும் முன்பே, "டீச்சரம்மா, நீங்க ஒரு தடவை உக்காந்து எந்திரிச்சுக் காட்டுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றார். அவர் எழுந்தபோது இடது கை தானாகப் போய்த் தேடிய இடத்தில் பென்சிலால் குறித்தார். மறுபடி உட்கார்ந்து எழச் சொன்னார். குறி சற்றுக் கீழே இறங்கியது. அந்த டவல் ராடை இழுத்துப் பார்த்தார், ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது. பிறகு, டைல்ஸ் விரியாமலிருக்க முதலில் அதிர்வில்லாமல் மெதுவாகத் துளைத்து, செங்கல் தட்டிய பிறகே டிரில்லை இடிமுறைக்கு மாற்றினார். டைல்ஸும் பூச்சும் மட்டும் பிடித்த திருகு ஆள் கனத்தைத் தாங்காது, செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். மாட்டி முடித்து, முதலில் தானே தொங்குவதுபோல் பாரம் போட்டு இழுத்துப் பார்த்தார். கடைசியில், "இப்ப நீங்க பிடிங்கம்மா" என்றார். டீச்சரம்மா எழுந்து நின்று, எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுதந்திரமாக வாழ்வது என்பதை நாம் பெரிய வார்த்தைகளில் பேசிவிடுகிறோம். கழிப்பறைக் கதவைத் தானே சாத்திக்கொள்ள முடிவதிலிருந்துதான் அது தொடங்குகிறது. அறுபது ஆண்டு தன்மானத்தோடு வாழ்ந்த பெண், மருமகள் கைபிடித்து உட்கார வைக்க வேண்டியிருப்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். அதனால் நீர்க்கடுப்பு, மயக்கம், மறுபடி மருத்துவமனை. நம்மில் பலர் வீட்டில் இது நடந்துகொண்டிருக்கிறது. வெளியே சொல்வதில்லை.

"பிள்ளைகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? நம் பண்பாட்டில் இதற்கு அரசு எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்துக்கொள்கிற பிள்ளைகளுக்கும் முதுகு வலிக்கும். பாசமுள்ள மகனுக்கும் டிரில் பிடிக்கத் தெரியாது. தெரிந்த ஆளைக் கூப்பிட்டால், "ஒரே ஒரு கம்பிக்கா சார்? வேற வேலை இருக்கும்போது சேத்துப் பண்ணிடலாம்" என்பார். ஒருநாள் கூலியை விட்டு அவர் வர முடியாது என்பதும் உண்மைதான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாடகை வீடாக இருந்தால் சுவரில் துளை போட உரிமையாளர் ஒப்ப மாட்டார். முதியவரே தடுப்பதும் உண்டு. "கம்பி எல்லாம் வேண்டாம்டா, நான் என்ன சீக்காளியா?" என்பார் அப்பா. இந்த இடங்களிலெல்லாம் குடும்பத்துக்கு வெளியே இருந்து, விவரம் தெரிந்த ஒருவர் வந்து பேசினால் காரியம் நடக்கும். பண்பாடு இதற்குத் தடையாக இருக்க வேண்டியதில்லை.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்தவர். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானவர். ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே செயலிழந்த நிலையில், 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தண்டுவடம் அடிபட்ட இளைஞர்கள் இத்தகைய இடங்களில் மாதக்கணக்கில் பயிற்சி பெற்று, தாமே படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறவும், குளிக்கவும், சமைக்கவும் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு ஊருக்குப் போகிறார்கள். ஊரில் வீட்டு வாசலில் மூன்று படி, கழிப்பறை கொல்லைப்புறத்தில். கற்றதெல்லாம் அந்த மூன்று படிக்கு முன்னால் நின்றுவிடுகிறது. அந்தப் படிகளை மாற்றித் தருவது யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் 2021இல் அறுபது வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் 13.6 சதவீதம் இருப்பார்கள் என்பது மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். 2011 கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். இவர்களில் பலருடைய வீட்டுக்கு அரசு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பெண் தன்னார்வலர் மாத்திரை கொண்டுவருகிறார். இயன்முறை சிகிச்சையாளர் வந்து கைகால் பயிற்சி தருகிறார். நோயாதரவுச் செவிலியர் வந்து படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுகிறார். பால்டிமோரில் மூன்று பேர் வருகிறார்கள் என்று சொன்னேன். அவர்களில் இரண்டு பேருடைய வேலை நம் வீட்டு வாசலில் ஏறக்குறைய நடந்துகொண்டே இருக்கிறது. இயன்முறை சிகிச்சையாளர் பயிற்சி கொடுக்கும்போதே ஆடுகிற படியையும் வழுக்குகிற தரையையும் பார்க்கிறார். பார்த்ததை எழுத அவரிடம் படிவம் இல்லை. எழுதினாலும் அனுப்ப ஆளில்லை.

அந்த மூன்றாவது ஆளைத்தான் நான் கேட்கிறேன். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கொத்தனாரும் ஒரு பிளம்பரும், மாதச் சம்பளத்தில், அடையாள அட்டையோடு. ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளுக்குச் சில வாரப் பயிற்சி போதும். உட்கார்ந்து எழச் சொல்லிக் குறிபோடுவது, நல்ல கைப்பக்கம் எது என்று கேட்பது, சாய்தளத்தின் கணக்கு, செங்கல் வரை துளைப்பது. ஒரு பிடிகம்பியின் விலை சில நூறு ரூபாயில் தொடங்குகிறது. அரசுத் திட்டங்களில் கட்டிய பழைய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கத் தமிழ்நாடு அரசு ஏற்கெனவே தனித்திட்டம் அறிவித்திருக்கிறது. அந்த வீட்டில் முதியவரோ மாற்றுத்திறனாளியோ இருந்தால், கூரையைப் பார்க்கப் போகிறவர் கழிப்பறையையும் வாசலையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். மதிப்பீட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கிற பிரிட்டனின் பிழையை மட்டும் நாம் செய்யக் கூடாது. பெரிய வேலைக்கு மதிப்பீடும் ஒப்புதலும் இருக்கட்டும். கைப்பிடி, விளக்கு, வழுக்காத தரை, வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஆகிய இந்த நான்குக்கும் எந்த ஒப்புதலும் வேண்டாம். சிகிச்சையாளர் எழுதினார், அந்த வாரமே ஆள் வந்தார் என்று இருக்க வேண்டும்.

இங்கே வந்திருக்கும் உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுப் பெரியவர் எதைப் பிடித்து எழுந்திருக்கிறார் என்று பாருங்கள். அது டவல் ராடாகவோ, குழாயாகவோ, வாஷ்பேசினாகவோ இருந்தால் இந்த வாரமே ஒரு நல்ல ஆளைக் கூப்பிடுங்கள். கம்பியை எங்கே மாட்டுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள், அவரிடம் கேளுங்கள். இரண்டு, நம் ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு உறுப்பினர் இருக்கிறார். நம் ஊரில் தனியாக வாழும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீடுகளைப் பார்வையிட்டு, கழிப்பறையிலும் வாசலிலும் வேண்டிய மாற்றங்களைப் பட்டியலிட வேண்டும்; அதற்கு ஓர் ஆளை நியமிக்க வேண்டும். இதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த சபையில் அதே நகலோடு எழுந்து நின்று கேளுங்கள்.